என் படியை அளந்து கொடும்: அன்றாடத் தேவைகளுக்கு ஆண்டவரை நம்ப ஒரு வழிகாட்டி

மாதத்தின் முதல் வாரத்தில் விசுவாசம் எல்லாருக்கும் எளிது. 20-ஆம் தேதிக்கு மேல் கேஸ் தீர்ந்துபோய், அதே நாளில் பள்ளிக்கூடத்திலிருந்து ஃபீஸ் கட்டச் சொல்லி மெசேஜும் வந்தால் கதை வேறு. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று வாய் சொல்லும். மனம் அடகுக்கடை வாசலில் நிற்கும். இந்த வழிகாட்டியை அந்த 20-ஆம் தேதிக்காரர்களுக்காக எழுதுகிறேன். நானும் பல வருடம் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

வருமானம் பெருக வழி கேட்டு வந்தவருக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. இருக்கிற வருமானத்தோடும் இல்லாத வருமானத்தோடும் ஒரு கிறிஸ்தவர் எப்படிக் கவலையில்லாமல் நடக்கலாம் என்பதைத்தான், வேதத்தில் படித்ததிலிருந்தும் எங்கள் வீட்டு அடுப்படியில் பார்த்ததிலிருந்தும், வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சொல்

புத்தாண்டு ஆராதனையில், அந்த வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது பலருக்கும் "யேகோவாயீரே" வந்திருக்கும். வீட்டு நிலைக்கு மேலேயும் ஆட்டோவின் பின்னாலேயும் ஒட்டியிருப்பார்கள். அதற்குத் "தேவைகளைச் சந்திப்பவர்" என்றே எல்லாரும் பொருள் சொல்கிறோம். ஆனால் ஆதியாகமம் 22-இல் ஆபிரகாம் அந்தப் பேரை இட்ட இடத்தில் நம் பழைய தமிழ் வேதாகமம் என்ன சொல்கிறது? "கர்த்தருடைய பர்வதத்திலே பார்த்துக்கொள்ளப்படும்."

எபிரெய மூலத்தில் இருப்பது "பார்" என்ற வினைதான். அதைத் தமிழில் கொண்டுவந்தவர்களுக்கு நம் மொழியே கைகொடுத்திருக்கிறது. பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும் நமக்கு ஒரே வேர். "பிள்ளையை அம்மா பார்த்துக்கொள்கிறாள்" என்றால் அவள் கண் பிள்ளைமேல் இருக்கிறது என்றும் பொருள், அதற்குச் சோறு போகிறது என்றும் பொருள். அன்றாடத் தேவைகளுக்கு ஆண்டவரை நம்புவதும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். பணம் வரும் என்று நம்புவதற்கு முன்னால், என் நிலைமையை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்ப வேண்டியிருக்கிறது. சரி, அவர் பார்க்கிற நிலைமையை நாம் பார்க்கிறோமா? முதல் படி அங்கேதான் தொடங்குகிறது.

முதல் படி: நோட்டைத் திறங்கள்

ஜெபத்துக்கு முன்னால் கணக்கா என்று கேட்பீர்கள். ஆமாம். நான் பார்த்தவரை, பணக் கவலையில் இருக்கிற விசுவாசிகளில் பலருக்குத் தங்கள் கடன் மொத்தம் எவ்வளவு என்று தெரியாது. தெரிந்துகொள்ளப் பயம். அந்தப் பயத்துக்கு "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு போர்வையும் போட்டுவிடுகிறோம். அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் அனாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். பிரஷ்யாவில் 1805-இல் பிறந்தவர். 1836-இல் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் தொடங்கினார். 1870-க்குள் ஆஷ்லி டவுன் என்ற இடத்தில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழும்பி, இரண்டாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு இடமிருந்தது. 1898-இல் அவர் இறப்பதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஆண்டவரிடம் மட்டுமே கேட்பது என்பது அவருடைய தீர்மானம். இதுவரை எல்லாப் பிரசங்கியாரும் சொல்வார்கள். அவர் எழுதி வைத்த கணக்கைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. வந்த காணிக்கையைச் சில்லறை உட்படப் பதிந்து, ஆண்டறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார். கையில் காசில்லாத நாட்களையும் மறைக்காமல் எழுதினார். கடனுக்கு எதையும் வாங்குவதில்லை என்பதிலும் கறாராக இருந்தார். கணக்கு எழுதத் தெரிந்த மனிதரின் விசுவாசம் அது.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கத்தில் இந்த மாதம் கட்டாயம் போகவேண்டிய பணம்: வாடகை, அரிசி, பால், மருந்து, பஸ், பிள்ளைகள் படிப்பு, வட்டி, தவணை. ஒவ்வொன்றுக்கும் தொகை, கடைசித் தேதி. தாளைத் திருப்பி, அடுத்த இடது பக்கத்தில் கடன்கள் எல்லாம்: நகைக்கடன், சுயஉதவிக் குழுக்கடன், மளிகைக்கடைப் பாக்கி, மைத்துனரிடம் கைமாற்றாக வாங்கியது, போனில் ஆப் வழியாக எடுத்தது. அந்த ஆப் கடனை ஒளிக்காதீர்கள். மற்றதைவிட வேகமாக வீட்டைத் தின்பது அதுதான். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். ஒருவருக்குத் தெரியாத கடன் இன்னொருவரிடம் இருக்கும். அன்றைக்குச் சண்டையும் வரலாம், வந்துவிட்டுப் போகட்டும்.

எழுதி முடித்து அந்த நோட்டை மேசைமேல் விரித்து வைத்தே குடும்ப ஜெபம் செய்யுங்கள். எசேக்கியா ராஜா அசீரியனின் மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தான். கிட்டத்தட்ட அதே காரியம்தான் இது.

இரண்டாம் படி: படியின் அளவு

நீதிமொழிகள் 30-இல் ஆகூர் என்று ஒருவர் வருகிறார். "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக, என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்பது அவருடைய ஜெபம். படி அளப்பது என்றால் என்ன என்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் படியளக்கிறவர் என்று கடவுளைச் சொல்லிப் பழகியவர்கள் நாம்.

நோட்டின் இடது பக்கத்தை எடுத்து, எது படி, எது படிக்கு மேலே என்று பென்சிலால் குறியுங்கள். இதில் அடுத்தவர் வீட்டு அளவு உதவாது. பைக் ஒருவருக்குப் பிழைப்பு, இன்னொருவருக்குப் பவிசு. பிள்ளையின் பிறந்தநாள் கேக்கை ஆசை என்று அடித்துவிடாதீர்கள். ஆனால் சொந்தக்காரர் கல்யாணத்தில் கௌரவத்துக்குச் செய்யும் மொய்யைத் தேவை என்று எழுதாதீர்கள். இதற்குமேல் இங்கே சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: இன்றைக்கு மட்டும் கேளுங்கள்

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மத்தேயு "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று எழுதுகிறார். லூக்காவில் அது "அன்றன்று". அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அன்றாடங்காய்ச்சிகளாக இருந்திருப்பார்கள். திராட்சத்தோட்ட உவமையில் நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசுகிறார்களே, அந்த உலகம். வேலை கிடைத்தால் சாயங்காலம் மாவு வாங்கலாம், கிடைக்காவிட்டால் இல்லை. மாதச் சம்பளமும் பிஎஃப்பும் உள்ள நாம் அந்த ஜெபத்தை அவர்கள் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதன் வேர், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற ஆகாரத்தில் இருக்கிறது. யாத்திராகமம் 16-இன்படி தலைக்கு ஒரு ஓமர், சுமார் 2 லிட்டர் அளவு. மறுநாளைக்கு என்று எடுத்து வைத்தவர்களுடையது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு கிடைத்தது, அது கெடவில்லை. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை. நாற்பது வருடமும் இதே பாடம். ஒரு முழு ஜனத்துக்கு அவ்வளவு காலம் பிடித்ததை நாம் ஒரு உபவாசக் கூட்டத்தில் கற்றுக்கொண்டு வந்துவிடுவோம் என்று எதிர்பார்ப்பதுதான் வேடிக்கை.

காலையில் நோட்டைப் பாருங்கள். இன்றைக்கு எது வேண்டும்? அதைத் தொகையோடும் பேரோடும் சொல்லிக் கேளுங்கள். "ஆண்டவரே எங்களை ஆசீர்வதியும்" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். "வெள்ளிக்கிழமைக்குள் அப்பாவின் மாத்திரைக்கு 640 ரூபாய் வேண்டும்" என்று சொல்லலாம். அவருக்குத் தெரியாததல்ல. உங்களுக்கு இவையெல்லாம் வேண்டியவை என்று பரமபிதா அறிந்திருக்கிறார் என்று இயேசுவே சொல்லிவிட்டார். ஆனால் தொகையைச் சொல்லிக் கேட்கிறவருக்கு, கிடைத்தது எது என்று பிறகு அடையாளம் தெரியும். அடுத்த வருடத்துப் பிள்ளையின் கல்லூரி ஃபீஸ் ஜெபத்துக்கு நடுவில் மனதில் வந்தால், "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று அதை அதன் தேதிக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பி வரும், மறுபடியும் அனுப்புங்கள்.

அப்படியானால் சேமிப்பு அவிசுவாசமா? எங்கள் சபையில் ஒரு பெரியவர் அப்படித்தான் இன்சூரன்ஸே எடுக்காமல் இருந்தார். அவர் போனபின் அந்த வீட்டுக்கு நேர்ந்ததை நாங்கள் பார்த்தோம். மன்னாவைக் கொடுத்த அதே தேவன்தான், விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஏழு வருடம் சேர்த்து வைக்கும் யோசனையை யோசேப்புக்குக் கொடுத்தார். சேமிப்பு தவறல்ல. சேமிப்பு இருந்தால்தான் தூக்கம் வரும் என்ற நிலைமைதான் தவறு. கையில் காசிருக்கிற மாதத்திலும் "இன்று தாரும்" என்று ஜெபிக்கப் பழகினால் இந்த வித்தியாசம் பிடிபடும்.

நான்காம் படி: வீட்டில் என்ன இருக்கிறது?

இரண்டாம் இராஜாக்கள் 4-இல் ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் அழுகிறாள். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். எலிசா கேட்ட கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது என்பது. ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அப்புறம் அயலகத்தாரிடம் வெறும் பாத்திரங்களை இரவல் வாங்கச் சொன்னார். அற்புதம் நடந்து பாத்திரங்கள் நிரம்பின. அதோடு கதை முடிந்துவிடவில்லை. எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர், மீந்ததைக் கொண்டு பிழைத்துக்கொள் என்றார். அற்புதத்துக்குப் பிறகு அந்த அம்மாள் எண்ணெய் வியாபாரத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

ஆகவே ஜெபித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஓரமாகக் கிடக்கிற தையல் மிஷின், தெரிந்த ஒரு தொழில், வாங்காமல் விட்ட ரேஷன், விண்ணப்பிக்காத விதவை உதவித்தொகை, கேட்காமல் விட்ட ஓவர்டைம் கூலி. அரசாங்கத்திடமிருந்து வருவது ஆண்டவரிடமிருந்து வராது என்று நினைக்கிற ஒரு கூச்சம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் அப்பம் கொண்டுவந்தது, அது மோசேயின் சட்டப்படி அசுத்தமான பறவை. அதன் வாயிலிருந்து எலியா வாங்கிச் சாப்பிட்டார்.

இயேசு காட்டிய ஆகாயத்துப் பறவைகளும் கூட்டிலேயே உட்கார்ந்திருப்பதில்லை. விடிந்ததும் இரை தேடப் போகின்றன. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்றும் எழுதினார். மனதில்லாதவனைப் பற்றித்தான் அந்த வசனம். வேலை கிடைக்காதவனைப் பார்த்து அதைச் சொல்கிறவர்களுக்கு அந்த ஒரு சொல்லை விரல் வைத்துக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஆளிடம் சொல்வது

இதுதான் நமக்குக் கஷ்டமானது. ஆண்டவரிடம் கேட்டுவிடுவோம், பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல மாட்டோம்.

மனிதரிடம் கேட்பதில்லை என்று தீர்மானித்து வாழ்ந்தவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. முல்லருடைய மைத்துனர் அந்தோணி நாரிஸ் க்ரோவ்ஸ் இந்தியாவில் ஊழியம் செய்தவர். அவரோடு பழகிய திருநெல்வேலிச் சீமை ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867), மிஷன் சம்பளத்தைச் சாராமல் ஆண்டவரை நம்பி ஊழியம் செய்வது என்று தீர்மானித்தார். பிற்காலத்தில் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்ததும் யாரிடமும் பணம் கேட்பதில்லை என்ற ஒழுங்கோடுதான். அவர்களை நான் தலைவணங்கி மதிக்கிறேன். ஆனால் அது அவர்கள் பெற்ற அழைப்பு, எல்லாக் குடும்பத்துக்கும் போட்ட சட்டமல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. வாடகை கட்ட முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற குடும்பம் யாருக்கும் தெரியாது.

"என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்ற பிலிப்பியர் 4:19-ஐக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேலே நாலு வசனத்தையும் சேர்த்து வாசித்தால் அது ஒரு நன்றிக் கடிதம் என்று தெரியும். எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் பிலிப்பி சபையார் பவுலுக்கு அனுப்பிய உதவி வந்து சேர்ந்திருக்கிறது. தேவன் பவுலின் குறைவை நிறைவாக்கியது ஒரு ஆள் நடந்து வந்து கொடுத்த பையினால்தான். எருசலேமில் கிரேக்கு யூதரின் விதவைகளுக்கு அன்றாடப் பங்கு கிடைக்காமல் முறுமுறுப்பு எழும்பியபோது, அப்போஸ்தலர்கள் "விசுவாசமாயிருங்கள்" என்று அவர்களுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. பந்திவிசாரணைக்கு ஏழு பேரை நியமித்தார்கள். அவர்கள் முறையிட்டதனால்தான் அது நடந்தது.

எனவே நம்பிக்கையான ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஆயரம்மா, சபை மூப்பர், பெண்கள் ஐக்கியச் செயலாளர், யாராவது. சாட்சி நேரத்தில் மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டாம். தொகையையும் தேதியையும் சொல்லுங்கள். கடனாகவா, உதவியாகவா என்பதையும் சொல்லுங்கள், பின்னால் மனக்கசப்பு வராது.

கேட்கிறவராக இல்லாமல் கொடுக்க வேண்டியவராக நீங்கள் இருக்கும் நாளும் உண்டு. உபாகமம் 24-இன்படி கூலிக்காரனின் கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிட வேண்டும், அவன் அதின்மேல் ஆவலாயிருக்கிறான். வீட்டு வேலைக்கு வருகிறவரின் சம்பளத்தை 5-ஆம் தேதி, 10-ஆம் தேதி என்று தள்ளிப்போடுகிற வீட்டில் நடக்கும் "இன்று தாரும்" என்ற ஜெபத்தை என்னால் ரசிக்க முடியவில்லை.

ஆறாம் படி: பானையிலிருந்து ஒரு பிடி

எங்கள் அம்மா உலையில் போட அரிசி அளந்தபிறகு, அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து ஒரு பழைய பால்பவுடர் டப்பாவில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அளந்தபிறகு எடுப்பதுதான் அதில் விசேஷம். அந்த ஒரு பிடி எங்கள் சாப்பாட்டிலிருந்து குறைகிறது. குறைந்தது எங்களுக்குத் தெரிந்ததே இல்லை என்று சொன்னால் அழகாக இருக்கும். சில நாட்கள் தெரிந்தது.

கொடுப்பதை நிறுத்தாதீர்கள், அளவைக் குறைத்துக்கொள்ளலாம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கொடுக்க முடியாத மாதத்தில் முடிந்ததைக் கொடுங்கள். ஆனால் "கையில் இருக்கிற கடைசி ஆயிரத்தை விதையாக விதையுங்கள், நூறு மடங்காக வரும்" என்று டிவியில் கேட்கிறவர்களுக்கு அனுப்பாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது சாறிபாத் விதவையின் கதையை. கடைசி மாவில் முதல் அடையை எலியாவுக்குக் கொடுத்தாள், அதனால் ஆசீர்வாதம் என்பார்கள். அடுத்த வசனத்தை வாசியுங்கள். அவளும், அவனும், அவள் வீட்டாரும் அநேக நாள் சாப்பிட்டார்கள். தீர்க்கதரிசி அதே வீட்டில், அதே பானையிலிருந்து, அதே அடையைத் தின்றார். உங்கள் பானையில் பங்கு கேட்கிறவர் உங்கள் பஞ்சத்திலும் பங்கெடுப்பாரா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று. அந்தப் பானை ஒருநாளும் விளிம்புவரை நிரம்பியதாகக் கதையில் இல்லை. மா செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறைந்துபோகவில்லை, அவ்வளவே. தினமும் காலையில் அவள் பானைக்குள் கைவிட்டு அடியைத் தொட்டுத்தான் எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏழாம் படி: வராமல் போனால்

எல்லாம் செய்தும் பணம் வராத மாதம் வரும். கரண்ட்டைப் பிடுங்கிவிட்டுப் போவார்கள். அப்போது வீட்டுக்கு வந்து சங்கீதம் 37-ஐச் சொல்கிறவர்கள் இருப்பார்கள்: நீதிமான் கைவிடப்பட்டதை நான் காணவில்லை என்று. அது தாவீது தன் முதிர்வயதில் தான் கண்டதைச் சொன்னது. அதே வேதத்தில் லாசரு ஐசுவரியவானின் வாசலில் பசியோடு கிடந்து மரித்தான், தேவதூதர்கள் அவனைத்தான் ஆபிரகாமின் மடிக்குக் கொண்டுபோனார்கள். பவுல் பசியிலும் தாகத்திலும் இருந்ததாகத் தன் கையாலேயே எழுதுகிறார். பட்டினியை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்க வேதம் இடம் கொடுக்கவில்லை.

அந்த மாதத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். கடன்காரரைத் தவிர்க்காமல் நீங்களே முதலில் போய்த் தவணை கேளுங்கள். ஒரு கடனை அடைக்க அதைவிட அதிக வட்டிக்கு இன்னொரு கடன் எடுக்காதீர்கள். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள். "இந்த மாதம் நமக்கு இல்லை, ஆண்டவரிடம் கேட்டிருக்கிறோம்" என்பதே போதும். கோபமாக ஜெபிக்க வந்தால் கோபமாகவே ஜெபியுங்கள். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று கேட்ட சங்கீதங்களை அவர் புத்தகத்தை விட்டு எடுத்துவிடவில்லை. ஆபகூக்கின் "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்ற ஜெபத்தை நாம் பாட்டாகப் பாடி இனிமையாக்கிவிட்டோம். தொழுவத்தில் மாடில்லை, கிடையில் ஆடில்லை என்று ஒவ்வொன்றாக எண்ணியபிறகே அவர் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசினார். அவரும் ஒருவிதத்தில் நோட்டைத் திறந்தவர்தான்.

எட்டாம் படி: வலது பக்கம்

நோட்டின் வலது பக்கத்தை இதுவரை காலியாக விடச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அது வந்தவற்றுக்கு. தேதி, என்ன வந்தது, யார் வழியாக வந்தது. சம்பளத்தையும் எழுதுங்கள், அதுவும் வந்ததுதான். பக்கத்து வீட்டிலிருந்து வந்த முருங்கைக்காயையும் எழுதுங்கள். கேட்டதற்குப் பதிலாக வேறொன்று வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள்.

அப்பா வேலைபார்த்த மில் மூடியபோது ஐந்து மாதம் வீட்டில் சம்பளம் இல்லை. சபையிலிருந்து மாதம் ஒரு அரிசி மூட்டை வந்தது. அம்மா வலது பக்கத்தில் "அரிசி 25 கிலோ, கோயில்" என்று எழுதினாள். ஆறாவது மாதம் அப்பாவுக்கு ஒரு குடோனில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது, பழைய சம்பளத்தில் பாதி. இஸ்ரவேலர் கானானின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாளே மன்னா நின்றுபோனது என்று யோசுவா புத்தகத்தில் ஒரே ஒரு வரி வரும். அம்மா அந்த வரியைப் படித்திருந்தாளோ என்னவோ, அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்குட்டியாரிடம் நேராகப் போனாள். "அண்ணே, அடுத்த மாசம் எங்களுக்கு மூட்டை வேண்டாம். மேலத்தெருவுல தையல்காரம்மா வீட்டுக்கு அனுப்பிருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றாள்.